பாட்டி வீட்டுக் காவலில் ஒரு பாடகன்

2012-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், கறுப்பின மக்கள் வாழும் தென்பகுதியில், ஒரு பாட்டியின் வீடு. அனுமதியின்றி அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதென்று நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கும் பேரன் உள்ளே இருக்கின்றான். வயது 16. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டவன். அவனைத் தேடித் தோழர்கள் வருகின்றனர். மேலாடை களைந்த அந்தப் பையன்கள் வெறுமையான ஓர் அறைக்குள் துள்ளிக் குதிக்கின்றனர். கஞ்சாப் புகை சூழ்கின்றது. டிகெயின்ஸ் என்னும் உள்ளூர் இளைஞர் காமிராவைப் பிடித்திருக்கின்றார். அலங்காரமும் இல்லை, ஆடற்குழுவும் இல்லை. தனக்குப் பிடிக்காதவை இன்னின்னவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகின்றான் பையன். பாட்டு அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அந்தப் படம் யூடியூபில் வெளிவந்தது. அவ்வாண்டு முடியும் முன்னரே, உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களுள் ஒன்று அந்தப் பையனோடு 60 லட்சம் டாலர் பெறுமதியுள்ள ஒப்பந்தத்தைச் செய்துகொண்டுவிட்டது.

கீத் கோஸார்ட் என்பது பெற்றோர் இட்ட பெயர். உலகம் அறிந்த பெயர் சீஃப் கீஃப். அவன் பாடிய பாட்டு வகைக்கு 'டிரில்' என்று பெயர்.

எங்கோ சிக்காகோவில் ஒரு பையன் பாடியதற்கு நம் குடும்ப இதழில் என்ன வேலை என்று சில பெரியவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். காதில் கருவியைச் செருகிக்கொண்டு தலையை ஆட்டும் நம் வீட்டுப் பிள்ளையிடம் என்ன கேட்கின்றாய் என்று ஒருமுறை வினவிப் பாருங்கள். இந்தப் பெயர் வராவிட்டாலும், இந்தப் பாட்டின் வழிவந்த வேறொரு பெயர் வர வாய்ப்புண்டு. கேட்பவர்கள் பாட்டை மட்டும் அறிவார்கள். அது பிறந்த வீட்டைப் பற்றியும், அதற்கு விலை கொடுத்தவர்களைப் பற்றியும் பெற்றவர்களாகிய நாமாவது தெரிந்துவைத்திருப்பது நல்லதல்லவா?

பூங்காவின் பெயர் கொண்ட குடியிருப்பு

1995 ஆகஸ்டு 15 அன்று கீத் பிறந்தான். தாய் அப்போது பதின்ம வயதைக் கடக்காத சிறுமி. தந்தையின் துணை வாய்க்கவில்லை. பாட்டியே சட்டப்படியான பாதுகாவலர் ஆனார். இறந்துபோன தாய்மாமனின் பெயரைப் பேரனுக்கு இட்டனர். நம் குடும்பங்களிலும் நிகழ்வதுதானே! வீட்டிலிருந்த கரோக்கே கருவியில் வெற்று நாடாக்களைப் போட்டு, ஐந்து வயதிலேயே தன் குரலைப் பதிவு செய்து விளையாடியவன் அவன்.

அவன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இடம், மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய சாலையில் உள்ள பார்க்வே கார்டன்ஸ் குடியிருப்பு. 1950-க்கும் 1955-க்கும் இடையில் கட்டப்பட்டபோது அது கறுப்பின மக்களின் பெருமையாக விளங்கிற்று. கூட்டுறவு முறையில், அங்கு வாழ்வோரே உரிமையாளர்களாக இருக்கும்படி எழுப்பப்பட்ட கட்டடங்கள் அவை. பின்னாளில் நாட்டின் முதற்பெண்மணியான மிஷல் ஒபாமா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் குடும்பம் அங்கேதான் குடியிருந்தது. அதே இடத்தை இன்று உலக இளைஞர்கள் 'ஓ பிளாக்' என்ற பெயரால் அறிவர். 2011 ஆகஸ்டில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 20 வயது இளைஞனுடைய பெயரின் முதல் எழுத்து அது. ஒரு தலைமுறை உழைத்து எழுப்பிய வீட்டுக்கு, மற்றொரு தலைமுறை இறந்தவன் பெயரைச் சூட்டியிருக்கின்றது.

இந்த வீழ்ச்சி ஓரிரவில் நேர்ந்ததன்று. தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி, வேலை தேடி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிக்காகோவுக்கு வந்தனர். 1910-இல் அந்நகரில் 44,000 பேராக இருந்தவர்கள் 1960-இல் 8 லட்சத்தைக் கடந்தனர். கசாப்புத் தொழிற்கூடங்களும் எஃகு ஆலைகளும் அவர்களுக்குச் சோறு போட்டன. 1971-இல் கால்நடைச் சந்தை மூடப்பட்டது. 1992-இல் தென்கரையிலிருந்த பெரும் எஃகு ஆலையும் கதவடைத்தது. அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிகளுள் மிகப் பெரியது ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ். அதில் 16 மாடிக் கட்டடங்கள் 28 இருந்தன. 1998 தொடங்கி 2007-க்குள் அனைத்தும் இடித்துத் தள்ளப்பட்டன. குடியிருந்தோர் நகரெங்கும் சிதறினர். முன்பு பெரிய கும்பல்களுக்குத் தலைவர்கள் இருந்தனர், சொல்லுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தலைவர்கள் சிறை சென்றபின் கும்பல்கள் துண்டு துண்டாகி, தெருவுக்கொரு கூட்டம் என்றாயின. அக்கூட்டங்களில் பலவற்றை நடத்தியவர்கள் மீசை அரும்பாத பையன்கள். கையில் துப்பாக்கியும் கைப்பேசியும் இருந்தன. 2012-இல் மட்டும் சிக்காகோவில் கொலையுண்டோர் 500-க்கும் மேற்பட்டோர்.

'டிரில்' என்பது அந்தத் தெருக்களின் வழக்கில் பகைவனைத் தேடிச் சென்று தாக்குவதைக் குறிக்கும் சொல். இசைக்குள் அதை முதலில் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் பாக்மேன் என்னும் பாடகரும் சுட்டுக் கொல்லப்பட்டவரே. அட்லாண்டா நகரிலிருந்து வந்த 'டிராப்' இசையின் கனத்த தாளம், நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அடிநாதம், சாவு மணியை நினைவூட்டும் ஒலிகள், இவற்றின் மேல் உணர்ச்சியற்ற குரலில் உதிரும் குறுஞ்சொற்கள்: இதுவே டிரில். பழைய ராப் பாடகர்கள் எதுகை மோனைகளைச் சொடுக்கித் தம் புலமையைக் காட்டினர். இந்தப் பையன்களிடம் அந்த நோக்கமே இல்லை. இருப்பதை இருந்தபடி, சலிப்போடு சொன்னார்கள். கேட்பவர்களை ஈர்த்ததும் அஞ்சவைத்ததும் அந்தச் சலிப்புதான். 'ஐ டோன்ட் லைக்' என்ற அந்தப் பாட்டுக்கு இசையமைத்த யங் சாப்பும் அப்போது பதின்ம வயதினரே.

கைதும் புகழும்

2011 டிசம்பர் 4 அன்று போலீசார் கீத்தைக் கைது செய்தனர். துரத்திய போலீசாரை நோக்கி அவன் கைத்துப்பாக்கியை நீட்டினான் என்பது குற்றச்சாட்டு. சிறுவர் நீதிமன்றம் அவனைப் பாட்டியின் வீட்டில் காவலில் வைத்தது. பின்னர் நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் விட்டது.

அதற்குள் அவன் பாட்டுகள் சில, தென்சிக்காகோப் பள்ளிப் பிள்ளைகளிடையே கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தன. வானொலி நிலையங்களும் பத்திரிகைகளும் அவனை அறியா. 2012 ஜனவரியில் வேறொரு படம் இணையத்தில் பரவிற்று. சீஃப் கீஃப் விடுதலையாகிவிட்டான் என்ற செய்தி கேட்டு ஒரு சின்னஞ்சிறு பையன் அறையெங்கும் ஓடிக் கூத்தாடுகின்றான், கத்துகின்றான், மகிழ்ச்சி தாங்காமல் துள்ளுகின்றான். இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துச் சிரித்தனர். யாரிந்த சீஃப் கீஃப் என்று கேட்டனர். பிறகு வந்ததுதான் பாட்டி வீட்டுப் படம். மே மாதத்தில், சிக்காகோவில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற கான்யே வெஸ்ட் அந்தப் பாட்டை எடுத்து, வேறு பெரும் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபதிப்புச் செய்தார்.

நிறுவனங்கள் போட்டி போட்டன. வென்றது இன்டர்ஸ்கோப். மூன்று இசைத்தொகுப்புகளுக்கு 60 லட்சம் டாலர். பாடகன் சட்டப்படி சிறுவன் என்பதால் ஒப்பந்த விவரங்கள் நீதிமன்றம் வரை சென்றன, செய்தித்தாள்களிலும் வெளிவந்தன. முதல் தொகுப்பு 2013 டிசம்பருக்குள் 2,50,000 படிகள் விற்காவிட்டால் நிறுவனம் விலகிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு நிபந்தனை இருந்ததாகத் தெரிய வந்தது.

தமிழில் 'பார்ப்பது' என்றொரு சொல்லும் 'பார்த்துக்கொள்வது' என்றொரு சொல்லும் உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவை இந்தப் பையனின் கதையில் அளந்து காணலாம். கோடிக்கணக்கான கண்கள் அவனைப் பார்த்தன. நிறுவனம் பார்த்தது, பத்திரிகை பார்த்தது, போலீசும் பார்த்தது. அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ முதிய பாட்டி ஒருத்தியின் தலைமேல் இருந்தது.

அஞ்சிய ஒரு முஸ்லிம் பாடகர்

இந்த இடத்தில் மற்றொரு சிக்காகோக்காரரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்தாக வேண்டும். லூப்பே ஃபியாஸ்கோ என்று புகழ்பெற்ற வசாலு முஹம்மது ஜாக்கோ. 1982-இல் பிறந்தவர். முஸ்லிமாக வளர்க்கப்பட்டவர். தந்தையார் மேளக் கலைஞர், கராத்தே ஆசிரியர். நகரின் மேற்குப் பகுதியில், கும்பல்களும் போதையும் மலிந்த குடியிருப்பிலேதான் வசாலுவும் சிறுவயதைக் கழித்தார். ஆயினும் ராப் இசையில் அவர் எடுத்துக்கொண்ட வழி வேறு. சறுக்குப் பலகையில் ஊரைச் சுற்றும் பையனைப் பற்றிய பாட்டு ஒன்றுதான் 2006-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

2012 ஜூலையில் எம்.டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் அவருடைய பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினர். 2006-இல் தம் குடியிருப்பில் தோழர்கள் சூழ நின்று அவர் பேசிய காட்சி. பார்த்துக்கொண்டிருந்தவர் மேற்கொண்டு பேச இயலாமல் அழுதுவிட்டார். அந்தப் படத்தில் இருந்தவர்களுள் பலர் இறந்துவிட்டனர் என்பதே காரணம்.

அடுத்த மாதம் வானொலி ஒன்றில் சீஃப் கீஃப் பற்றி அவரிடம் கேட்டனர். அந்தப் பையன் பிரதிநிதியாக நிற்கும் அந்தப் பண்பாடு தம்மை அச்சுறுத்துகின்றது என்று அவர் சொன்னார். கொலைகளின் கணக்கையும், கொல்வோர் கொல்லப்படுவோர் இருவருமே இந்தப் பையனின் சாயலில் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். சக பாடகனை விற்பனைக்காக வசைபாடும் வழக்கமுள்ள அந்தத் துறையில், மூத்தவர் ஒருவர் இளையவனைக் குறித்து 'அஞ்சுகின்றேன்' என்று சொன்னது எனக்குப் புதிதாகப் பட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் கீஃபின் ட்விட்டர் கணக்கிலிருந்து அவருக்கு மறுமொழி வந்தது. அடிப்பேன் என்ற மிரட்டலும் வசையுமாக இருந்தது அது. இப்படியே போனால் இனிமேல் பாடுவதில் பொருளில்லை, வரவிருக்கும் தொகுப்பே தம் கடைசித் தொகுப்பாக இருக்கக்கூடும் என்று மனம் உடைந்து எழுதினார் லூப்பே. கணக்கை யாரோ களவாடி எழுதிவிட்டார்கள் என்றது கீஃப் தரப்பு. நல்லவேளையாக லூப்பே ஓய்ந்துவிடவில்லை. 2023-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராப் கலையைப் பாடமாகவே நடத்தினார்.

ஒரு மாலைப் பொழுதும் ஒரு துப்பாக்கிக் கூடமும்

அதே செப்டம்பரில் நடந்தது இதனினும் கொடிது. லில் ஜோஜோ என்னும் 18 வயதுப் பாடகன் எதிர்த் தெருவைச் சேர்ந்தவன். கீஃபின் கூட்டத்தாரைக் கேலி செய்து பாட்டுப் போட்டான், துப்பாக்கிகள் தெரியப் படமும் எடுத்தான். செப்டம்பர் 4 அன்று தான் எந்தத் தெருவில் இருக்கின்றான் என்பதை அவனே இணையத்தில் அறிவித்தான். சில மணி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். சைக்கிள் ஒன்றில் பின்னால் தொற்றிக்கொண்டு போகையில் நேர்ந்த சாவு. அந்த இறப்பை எள்ளி நகையாடும் வாசகம் ஒன்று கீஃபின் கணக்கில் தோன்றிற்று. அதற்கும் கணக்கு களவுபோன கதையே சொல்லப்பட்டது.

ஒருவன் சாவைப் பற்றிப் பேசச் சிரிப்புக் குறிகள் போதும் என்றாகிவிட்ட காலம்! அந்த வாசகம் பரவப் பரவ இருவரின் படங்களையும் பார்த்தவர் தொகை பெருகிற்று. பார்த்தவர் பெருகப் பெருக விளம்பர வருவாயும் பெருகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி, துப்பாக்கிக் கூடத்தின் கதை. அவ்வாண்டு கோடையில், பெயர்பெற்ற இசை இதழான பிட்ச்ஃபோர்க் பேட்டி எடுப்பதற்காகக் கீஃபை நியூயார்க்கில் துப்பாக்கிப் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றது. துப்பாக்கிக் குற்றத்துக்காகக் கண்காணிப்பில் இருக்கும் சிறுவன் அவன் என்பதை நினைவில் கொள்க. துப்பாக்கியால் சுட்டபடியே பேட்டி கொடுத்தான். படித்தவர்கள் நடத்தும் இதழ்! படம் வெளிவந்தது. பின்னர் எதிர்ப்பு எழுந்ததும் இதழ் அதை நீக்கிவிட்டு வருத்தமும் தெரிவித்தது. ஆனால் அரசுத் தரப்பு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரியில், கண்காணிப்பு விதியை மீறியதற்காக அவனுக்கு 60 நாள் சிறுவர் காவல் விதிக்கப்பட்டது. அழைத்துச் சென்றவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். அழைக்கப்பட்டவன் காவலுக்குப் போனான்.

பையனின் குற்றத்தைப் பிறர் தலையில் சுமத்துவது என் நோக்கமன்று. கையில் துப்பாக்கி எடுத்தவன் அவன், எவரும் திணிக்கவில்லை. ஆனால் 16 வயதுப் பிள்ளையின் குற்றத்தைச் சரக்காக்கி விற்றவர்களுக்கு வயது நாற்பதும் ஐம்பதும் இருந்திருக்கும்.

முதல் தொகுப்பு 2012 டிசம்பர் 18 அன்று வெளிவந்திருந்தது. 'ஒருவழியாகப் பணக்காரன்' என்ற பொருள்படும் தலைப்பு. முதல் வாரத்தில் 50,000 படிகளே விற்றன. அமெரிக்கப் பட்டியலில் 29-ஆம் இடம். பேசப்பட்ட பேச்சுக்கு அது குறைவுதான். காரணம் எளிது: அவனைக் கேட்ட பிள்ளைகள் காசு கொடுத்துத் தொகுப்பு வாங்குபவர்கள் அல்லர், இணையத்தில் இலவசமாகக் கேட்பவர்கள். 2014 அக்டோபரில் இன்டர்ஸ்கோப் அவனைக் கைவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், பிளட் மணி என்ற பெயரில் பாடிவந்த அவன் உறவினர் ஒருவர் சிக்காகோவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கீஃப் ஊரை விட்டுக் கலிபோர்னியாவில் குடியேறினான்.

பாட்டு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிப் பையன்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 2018-இல் லண்டன் போலீசார் கேட்டுக்கொண்டபடி யூடியூப் 30-க்கும் மேற்பட்ட படங்களை நீக்கிற்று. அதே ஆண்டில் அங்கே டிகா டி என்னும் 17 வயதுப் பாடகனும் தோழர்களும் புதுப்பாட்டு வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. லண்டன் இசையமைப்பாளர்களின் மெட்டுகள் மீண்டும் கடல் தாண்டி நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தபோது, பாப் ஸ்மோக் என்பவர் உலகப் புகழ் பெற்றார். 2020 பிப்ரவரி 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கியிருந்த வீட்டில் கொள்ளையர் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 20. சுட்டதாகச் சொல்லப்பட்ட பையனுக்கு 15. அவரிடமிருந்து பறித்த கைக்கடிகாரத்தை 2,000 டாலருக்கு விற்றார்கள் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

ஒளியுருவம்

சீஃப் கீஃபை இனி 'அவர்' என்றே எழுதலாம், வயது வந்துவிட்டதல்லவா. 2015 ஜூலையில் சிக்காகோவில் அவருடைய தோழர் கேப்போ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் தப்பிச் சென்ற கார் மோதி, தள்ளுவண்டியில் இருந்த 13 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. பாட்டுக்கும் பாடகர் சண்டைக்கும் தொடர்பே இல்லாத பச்சிளங்குழந்தை! இருவர் குடும்பங்களுக்கும் உதவ இசை நிகழ்ச்சி நடத்த முன்வந்தார் கீஃப். ஆனால் இல்லினாய் மாநிலத்துக்குள் நுழைந்தால் பிடியாணை காத்திருந்தது. எனவே கலிபோர்னியாவில் நின்று பாட, ஒளியால் ஆன அவருடைய உருவம் மேடையில் தோன்றும்படி ஏற்பாடு. சிக்காகோ நகர நிர்வாகம் அதை விரும்பவில்லை. ஜூலை 25 அன்று, பக்கத்து மாநிலமான இந்தியானாவின் ஹேமண்ட் நகரில் திடீரென மேடையில் தோன்றிற்று அந்த உருவம். வன்முறை வேண்டாம், பிள்ளைகள் வளரட்டும் என்னும் பொருள்பட முதலில் பேசிவிட்டுப் பாடத் தொடங்கிற்று. முதல் பாட்டு முடியுமுன் போலீசார் மின்சாரத்தைத் துண்டித்தனர்.

ஆளே இல்லாத மேடையைக் கண்டு அஞ்சியிருக்கின்றது ஓர் ஊர். அவரைச் சிறுவனாக இருந்தபோது துப்பாக்கியோடு படம் பிடித்தபோது மின்சாரத்தைத் துண்டிக்க எவரும் இல்லை.

அதன்பின் ஆண்டுகள் பல ஓடின. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தபடியே தொகுப்பு தொகுப்பாக வெளியிட்டார், ஓவியம் வரைந்தார், தாமே இசையமைக்கவும் செய்தார். விமர்சகர்கள் ஒரு காலத்தில் எள்ளி நகைத்த அந்தச் சலிப்புக் குரல் ஒரு தலைமுறைப் பாடகர்களுக்கே முன்மாதிரியாகிவிட்டதென இப்போது எழுதுகின்றனர்.

2024 ஜூன் மாதம் சிக்காகோவின் எல்லைக்கு அப்பால் உள்ள பிரிட்ஜ்வியூ என்னும் புறநகரின் விளையாட்டு அரங்கில் அவர் மேடையேறினார். இம்முறை ஒளியுருவமாக அன்று, உடலோடு. பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் சொந்த ஊர்ப்பக்கம் அவர் பாடியது அதுவே முதல் முறை. வயது 28. பாட்டி வீட்டின் வெற்றறையில் அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளில், முன்வரிசையில் நின்று குரல் கொடுத்தவர்களுள் பலர் தொடக்கப் பள்ளியில் எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்திருப்பார்கள்.